பன்னிரண்டு பேரில் ஒருத்தி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருத்தி பேச எழும்பினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவாள் என்று நினைத்திருப்பீர்கள். அதைப் பற்றிப் பேச என்னிலும் கெட்டிக்காரர் முன்வரிசையில் இருக்கிறார்கள். நான் பேசப்போவது ஒரு கடிதத்தைப் பற்றி. புலம்பெயர்ந்த எங்கள் மாணவிகளில் சிலருக்கு அது வந்திருக்கும், மற்றவர்களுக்கு என்றோ ஒருநாள் வரலாம். யூரராகக் கடமையாற்ற வா என்று நீதிமன்றம் அழைக்கும் கடிதம்.

எனக்கு அது 2019 இல் இங்கிலாந்தில் வந்தது. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கோட்டிலை இருந்தோ? நீ என்ன பிள்ளை செய்தனீ?" என்றுதான் முதலில் கேட்டா. அவவைக் குறை சொல்ல முடியாது. பெயர், விலாசத்தோடு அரசாங்கக் கடிதம் வந்தால் நல்லதுக்கு வராது என்று பழகிய வீடு எங்களுடையது. நான் ஒன்றும் செய்யவில்லை, இன்னொருவர் செய்தாரா இல்லையா என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று விளங்கப்படுத்தினேன். "அதைச் சொல்ல நீ ஆர்?" என்றா. அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

அங்கே வாக்காளர் இடாப்பில் இருந்து எழுமாற்றாகப் பெயர் எடுக்கிறார்கள். 18 வயதுக்கும் 75 வயதுக்கும் இடைப்பட்டவராகவும், 13 வயதுக்குப் பின் ஐந்து வருடமாவது தொடர்ந்து அந்த நாட்டில் வசித்தவராகவும் இருந்தால் போதும். இதில் எங்கள் ஆட்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், பொதுநலவாய நாட்டவர் என்றபடியால் நீங்கள் அங்கே வாக்காளராகப் பதியலாம். பதிந்தால் இந்தக் கடிதமும் வரலாம். "நான் இன்னும் பிரஜை ஆகவில்லையே" என்று குப்பைக் கூடைக்குள் போட்டுவிடாதீர்கள். மறுமொழி அனுப்ப ஏழு நாள்தான் தவணை. அனுப்பாமலோ போகாமலோ விட்டால் ஆயிரம் பவுண் வரை தண்டம்.

உண்மையைச் சொல்கிறேன், நான் தப்பத்தான் பார்த்தேன். "டொக்டர்மாரை விட்டிடுவாங்கள்" என்றார் கணவர். முன்பு அப்படித்தான் இருந்தது. 2004 இலிருந்து அந்தச் சலுகை இல்லை. ஒரு சிநேகிதி, "இங்கிலீஷ் விளங்காது எண்டு எழுதி விடும்" என்றாள். நாளொன்றுக்கு முப்பது நோயாளரை அந்த மொழியில் பார்க்கிறவள் எப்படி எழுதுவது? கடைசியில், கூட வேலைசெய்யும் வைத்தியர் பிரசவ விடுமுறையில் நிற்கிறார் என்று காட்டித் திகதியைத் தள்ளிப்போடக் கேட்டேன். ஒரு முறை, ஒரு வருடத்துக்குள் தள்ளிப்போட விடுவார்கள். அடுத்த முறையும் ஏதாவது சாட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு.

அந்தக் கணக்கைக் குழப்பியது பழைய நினைவு ஒன்று. 2006 நவம்பர் 10 ஆம் திகதி, யாழ். மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொழும்பில் சுடப்பட்டபோது நான் இங்கே மருத்துவ பீட மாணவி. ஏ-9 பாதை பூட்டியிருந்த காலம். 1995 இல் இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்குப் போய் ஒண்டிய எங்களுக்கு, அந்த ஊர்க்காரரான அவர் வெறும் அரசியல்வாதி அல்ல. பத்து வருடம் கழித்து, 2016 டிசம்பர் 24 ஆம் திகதி, நள்ளிரவு தாண்டிக் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. சிங்களம் பேசும் யூரர் சபை எதிரிகள் ஐவரையும் விடுதலை செய்தது. இலங்கையில் யூரர்கள் ஏழு பேர், ஐந்து பேர் ஒத்துக்கொண்டாலே தீர்ப்பு. யூரர் பட்டியல் மொழிவாரியாக இருக்கிறது, எந்த மொழிப் பட்டியல் வேண்டும் என்று எதிரி தெரிந்தெடுக்கலாம். யூரர் விசாரணை கூடாது என்று குடும்பத்தின் தரப்பு ஆட்சேபித்தும் பலிக்கவில்லை. அன்றிரவு நான் இங்கிலாந்தில் கடமையில் நின்றேன். தொலைபேசியில் செய்தியைப் பார்த்துவிட்டு, அந்த ஏழு பேரில் எங்கள் மொழி தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் என்று திரும்பத் திரும்ப நினைத்தேன்.

அப்படி நினைத்தவளுக்குத்தான் இப்போது தன் பெயருக்கே கடிதம் வந்திருந்தது. இரண்டாவது திகதிக்கு மறுபேச்சில்லாமல் போனேன்.

போனால் என்ன நடக்கும்? முதலில் காத்திருப்பு. கச்சேரியில் காத்திருந்து பழகியவர்களுக்கு அது கஷ்டமில்லை. பெரிய அறையில் நூறு பேர்வரை இருந்தோம். பஸ் சாரதி, மாணவன், ஓய்வுபெற்ற பாட்டி, கட்டட வேலைக்காரர். ஒரு புத்தகமும் தோளில் போட ஒரு கம்பளிச் சட்டையும் கொண்டுபோங்கள். வழமையாக இரண்டு கிழமை, வழக்கு நீண்டால் கூட. வேலை கொடுப்பவர் சம்பளம் தரத்தான் வேண்டும் என்றில்லை. நான் போனபோது நீதிமன்றம் கொடுத்த உச்சத் தொகை முதல் பத்து நாளுக்கு நாளொன்றுக்கு 64.95 பவுண், சாப்பாட்டுக்கு 5.71 பவுண். சோற்றைக் கட்டிக்கொண்டு போவதே மேல்.

பிறகு பதினைந்து பேரளவில் நீதிமன்றத்துக்குள் கூட்டிப்போய், சீட்டுப் போல அட்டைகளைக் குலைத்துப் பன்னிரண்டு பெயரை வாசிப்பார்கள். எதிரியையோ சாட்சிகளையோ தெரிந்திருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். பைபிள், கீதை, குர்ஆன், எது வேண்டுமோ அதில் சத்தியம் செய்யலாம். புத்தகம் இல்லாமல் உறுதிமொழியும் எடுக்கலாம். என் பெயரை அந்த எழுதுவினைஞர் மூன்று துண்டாக உடைத்து வாசித்தார். எதிரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நோயாளி பார்க்கிற பார்வைதான் அது. இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்ற பார்வை.

வைத்தியர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். யூரி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது சட்ட மருத்துவ விரிவுரையில். எங்கள் கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின் மனைவி 1951 இல் கொலையான வழக்கு. மரணம் நடந்த நேரம் பற்றிப் பேராசிரியர் டி சேரம் ஒன்று சொன்னார். எதிர்த்தரப்புக்காக எடின்பரோவில் இருந்து வந்த சேர் சிட்னி சிமித் வேறொன்று சொன்னார். 57 நாள் விசாரணையின் பின், 1953 இல், வைத்தியம் படிக்காத ஏழு பேர் சதாசிவம் குற்றவாளி அல்ல என்று ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டு மேதைகள் முரண்படும் விடயத்தைச் சாதாரண ஆட்கள் எப்படித் தீர்ப்பது என்று அன்று வகுப்பில் சிரித்தோம்.

என் வழக்கிலும் ஒரு காயம் பற்றி வைத்திய சாட்சியம் வந்தது. சிரிப்பு வரவில்லை. யூரர் பெட்டியில் இருக்கிற வைத்தியர் நிபுணர் சாட்சி அல்ல. எனக்குத் தெரிந்ததை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்குவிசாரணை செய்ய முடியாது. கூகிளில் தேடினால் அது குற்றம், சிறைக்குப் போன யூரர்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் துண்டில் எழுதி நீதிபதிக்கு அனுப்பலாம், அவ்வளவுதான்.

நீதிபதி கடைசியில் சொன்னதுதான் என்னைப் பிடித்து உலுப்பியது. எதிரி குற்றவாளி என்று நீங்கள் நிச்சயமாக இருக்க வேண்டும் என்றார். இத்தனை வருடமாக நான் அந்தச் சொல்லைக் கொண்டு வேலை செய்யவில்லை. எண்பது வீதம் இதுதான் வருத்தம் என்று தெரிந்தால் மருந்தை எழுதிவிடுவேன். பிழைத்தால் ஒரு கிழமையில் திரும்ப வரச்சொல்லலாம். இங்கே திரும்ப வரச்சொல்ல முடியாது. அநேகமாகச் செய்திருப்பார் என்றால், விடுதலை என்றுதான் அர்த்தம். அன்றிரவு நித்திரை வரவில்லை. கொழும்பில் நள்ளிரவு தாண்டி இருந்த அந்த ஏழு பேரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்ட சாட்சியத்தை நான் கேட்கவில்லை. அவர்களைப் பற்றி இன்று எதையும் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் எவரை அந்த ஆசனங்களில் இருத்துவது என்பதை எதிரியே தெரிந்தெடுக்கவும், செத்தவரின் ஆட்கள் வெளியே நிற்கவும் செய்கிற முறை பிழை. அதை அடித்துச் சொல்வேன்.

கனடாவில் இருப்பவர்களுக்கு: அங்கே பிரஜைகளை மட்டும்தான் அழைப்பார்கள். ஒன்ராறியோவில் தொழில் செய்யும் வைத்தியர்கள் யூரராக இருக்க முடியாது. மற்றவர்கள் என்ன கொடுப்பனவு கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரித்து, அதற்கேற்ப ஆயத்தம் செய்யுங்கள். இங்கே ஊரில் இருப்பவர்களுக்கு அழைப்பு வருவது அருமை. பெரும்பாலான வழக்குகளை மேல் நீதிமன்ற நீதிபதி தனியேதான் விளங்குகிறார். புங்குடுதீவு மாணவியின் வழக்கைக்கூட 2017 இல் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள்தான் யூரி இல்லாமல் விசாரித்தார்கள்.

தீர்ப்பு வந்த பின்னேரம் அம்மாவுக்கு எடுத்தேன். என்ன முடிவு என்று கேட்டா. திறந்த நீதிமன்றத்தில் சொன்னதுதானே, சொன்னேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்றா. யூரர் அறைக்குள் நடந்ததை வெளியே சொல்வது அங்கே குற்றம், கட்டின புருசனுக்கும் சொல்லக்கூடாது. "அதைச் சொல்லேலாது அம்மா" என்றேன். அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, சாப்பிட்டியோ?" என்றா.

நேரம் போய்விட்டது, தலைவி மணிக்கூட்டைப் பார்க்கிறா. கடிதம் வந்து பதில் போடாமல் வைத்திருக்கிற ஆராவது இங்கே இருந்தால் தேநீர் வேளையில் என்னிடம் வாருங்கள். படிவத்தைச் சேர்ந்து நிரப்பலாம்.