பரிதிமாற்கலைஞர் என்னும் நாடகாசிரியர்

இங்கே நியூ ஜெர்சியில் காலை நேரம். ஊரில் இரவாகியும் தூங்கப் போகாமல் நேரலையில் இணைந்திருப்பவர்களுக்குத் தனி நன்றி.

பரிதிமாற்கலைஞர் என்றதும் நமக்குச் 'செம்மொழி' நினைவுக்கு வரும். 2004ல் வந்த அறிவிப்புக்கு நூறாண்டுகளுக்கு முன்பே தமிழை உயர்தனிச் செம்மொழி என்றவர் என்று மேடைதோறும் சொல்கிறோம். அவர் நாடகமும் நாவலும் எழுதியதை யாரும் சொல்வதில்லை. நான் அதைப் பேசத்தான் வந்தேன்.

1870ல் மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் பிறந்தவர். இயற்பெயர் சூரியநாராயண சாஸ்திரி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, 1893ல் அங்கேயே தமிழாசிரியர் ஆனார். சூரியன் 'பரிதி', நாராயணன் 'மால்', சாஸ்திரி 'கலைஞர்' என்று பெயரையும் தமிழாக்கிக்கொண்டார்.

அன்றைக்குப் புலவர்கள் பலர் நாடகத்தை மதிக்கவில்லை. 1891ல் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வந்து ஒரு வழி திறந்தது. நம்மவர் 'ரூபாவதி', 'கலாவதி', 'மானவிஜயம்' என்று நாடகங்கள் எழுதினார். நாடகத்துக்கு இலக்கணமும் வேண்டும் என்று 1897ல் 'நாடகவியல்' செய்தார். 'மதிவாணன்' அவருடைய நாவல்.

'மானவிஜயம்' சேரமான் கணைக்கால் இரும்பொறையின் கதை. சோழன் சிறையில் தாகத்தில் தண்ணீர் கேட்கிறான். காவலர்கள் அலட்சியமாகத் தாமதித்துத் தருகிறார்கள். அவன் குடிக்க மறுத்து உயிர் விடுகிறான். புறநானூற்றின் 74ஆம் பாடலுக்குச் சொல்லப்படும் கதை இது. நான் நர்ஸ். பெல் அடித்துத் தண்ணீருக்குக் காத்திருந்த பெரியவர்கள், நாம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பிடிவாதம் என்று எழுதி வைப்போம். அது மானம் என்கிறது இந்தக் கதை.

1903 நவம்பர் 2 அன்று காசநோயில் அவர் இறந்தபோது வயது 33. கிருமியை ராபர்ட் கோக் 1882லேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் மருந்து இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் 1943ல்தான் வந்தது. அதுவும் நம் நியூ ஜெர்சியில், ரட்கர்ஸில். நாற்பது வருடம் பிந்திவிட்டது.

ஆசிரியப் பணியில் அவருக்குக் கிடைத்தது பத்தே ஆண்டுகள். அதற்குள் இத்தனை நூல்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழை நீக்கும் முயற்சி வந்தபோது போராட்டம் வேறு.

நடை கடினம்தான், மறுக்கவில்லை. தனியாகப் படித்தால் பத்துப் பக்கத்தில் மூடிவிடுவோம். நாடகம்தானே, ஆளுக்கொரு பாத்திரமாக உரக்கப் படிக்கலாம். இங்கே வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் ஆண்டு விழாவுக்கு என்ன போடலாம் என்று ஒவ்வொரு வருடமும் தேடுகிறோம். இந்த வருடம் 'மானவிஜயம்' எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் புரிகிற கதை.