அடங்காப் பசியும் அதன்மேல் சுமத்தப்படும் பழியும்

உடல் பருத்தவர் வாயைக் கட்டத் தெரியாதவர் என்னும் கருத்து மிகப் பழமையானது. மெலிந்தவரைக் கண்டு இரங்கும் சமூகம் பருத்தவரைக் கண்டு நகைக்கிறது. ஒருவருடைய எடையை அவரது ஒழுக்கத்தின் அளவுகோலாகக் கொள்ளும் இவ்வழக்கம் எத்துணைத் தவறானது என்பதற்கு, அரிதாகத் தோன்றும் ஒரு பிறவிக் கோளாறே போதிய சான்றாகும். பிராடர்-வில்லி நோய்க்குறித் தொகுப்பு என்பது அதன் பெயர். 1956ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்து மருத்துவர்களான பிராடர், லாப்ஹார்ட், வில்லி ஆகிய மூவரும் இதனை முதன்முதலாக விரிவாக எடுத்துரைத்தனர்.

இக்கோளாறு ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் இந்தியாவில், இக்கணக்கின்படி ஆண்டொன்றுக்கு ஆயிரம் குழந்தைகளேனும் இக்கோளாறுடன் பிறத்தல் வேண்டும். அவர்களுள் பலர் நோயின் பெயரைக் கூட அறியாமலே வாழ்கின்றனர் எனக் கருத இடமுண்டு.

இதன் காரணம் 15ஆம் குரோமோசோமில் உள்ளது என்பது 1981இல் லெட்பெட்டர் குழுவினரால் நிறுவப்பட்டது. ஒவ்வொருவரும் இந்தக் குரோமோசோமைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பெறுகின்றனர். ஆயினும் இதன் ஒரு பகுதியில் தந்தை வழி வந்த மரபணுக்கள் மட்டுமே செயற்படும். தாய் வழி வந்தவை முத்திரையிடப்பட்டு உறங்கிக் கிடக்கும். தந்தை வழிப் பகுதி அறுந்துபோனாலும், இரு குரோமோசோம்களும் தாயிடமிருந்தே வந்துவிட்டாலும் இக்கோளாறு உண்டாகிறது. நோயாளிகளுள் பெரும்பான்மையோர் முதல் வகையினர். நால்வரில் ஒருவர் அளவில் இரண்டாம் வகையினர். இவை பெரும்பாலும் கரு உருவாகும்போது தற்செயலாக நேர்பவை. தாய் உண்டது, தந்தை செய்தது, குடும்பத்தின் வினைப்பயன் என்ற பேச்சுகளுக்கு இங்கு இடமில்லை. பெரும்பாலான குடும்பங்களில் அடுத்த குழந்தைக்கும் இது வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே.

நோயின் போக்கு, ஊட்டச்சத்துப் பணியில் ஈடுபட்டுள்ள அலுவலர்கள் ஊன்றி நோக்கத் தக்கது. பிறந்த குழந்தை துணிபோல் துவண்டு கிடக்கும். அழுகை மெலிதாக இருக்கும். தாய்ப்பாலை உறிஞ்சவும் வலுவிராது. பல குழந்தைகளுக்கு மூக்கு வழியாகக் குழாயிட்டே பால் புகட்ட நேர்கிறது. அங்கன்வாடியின் வளர்ச்சி அட்டையில் இக்குழந்தையின் கோடு எடைக்குறைவுப் பகுதியில் தாழ்ந்தே செல்லும். தாயின் கவனக்குறைவு என்று ஊர் பேசும். பின்னர், இரண்டு வயதையொட்டி எடை ஏறத் தொடங்குகிறது. கோடு பச்சைப் பகுதிக்குள் வந்ததும் பணியாளர் மகிழ்கிறார், பாட்டி திருஷ்டி கழிக்கிறார். உண்மையில் நோய் தன் இரண்டாம் கட்டத்தில் அடி வைத்திருப்பது அப்போதுதான். பெரும்பாலும் உணவு கூடாமலே எடை கூடுகிறது. அதற்குப் பிறகே பசி வளர்கிறது. எட்டு வயதளவில் அப்பசி அடங்காப் பசியாகிவிடுகிறது. எடைக்குறைவை மட்டுமே தேடப் பழகிய கண்ணுக்கு இந்தத் திருப்பம் புலப்படுவதில்லை.

வயிறு நிறைந்தது என்ற செய்தியை ஏற்று, போதும் என்று சொல்ல வேண்டிய மூளைப் பகுதி ஹைப்போதலாமஸ் ஆகும். இக்குழந்தைகளிடம் அது பழுதுற்றிருக்கிறது. மறுபுறம், தசை குறைந்த இவ்வுடலுக்குத் தேவைப்படும் உணவோ ஒத்த வயதினர்க்குத் தேவையானதைவிடக் குறைவு. பிறர் உண்ணும் அளவே இவர்களைப் பருக்கச் செய்யும். கிடைத்ததை அவசரமாக விழுங்குவதால் மூச்சடைப்பும், அரிதாக இரைப்பைக் கிழிவும் நேர்ந்து உயிர் போவதுண்டு. வலியுணர்வும் வாந்தியும் குறைவாதலால் ஆபத்து வெளியே தெரிவதில்லை. ஆகவே பல வீடுகளில் அடுக்களையும் குளிர்பதனப் பெட்டியும் பூட்டப்படுகின்றன. பெற்ற பிள்ளைக்குச் சோறு மறுக்கும் கொடுமைக்காரர்கள் என்று அண்டை வீட்டார் சொல்லும் பழியையும் அப்பெற்றோர் சுமக்கின்றனர். பூட்டுத் திறந்திருந்தால் பிள்ளையை அடக்கத் தெரியாதவர்கள் என்ற பெயர் வருகிறது. எப்படி நடந்தாலும் ஏச்சு உறுதி.

மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் 1680ஐ ஒட்டி வரையப்பட்ட இரு ஓவியங்கள் உள்ளன. அரசவை ஓவியர் கரேன்யோ தீட்டிய அவற்றில் காணப்படுபவள் யூஹேனியா என்னும் சிறுமி. மிகப் பருத்த உடலுக்காகவே அவள் ஸ்பெயின் நாட்டு அரசவைக்குக் கொண்டுவரப்பட்டாள். ஆடையுடன் ஓர் ஓவியம், ஆடையின்றி ஓர் ஓவியம். அவளுக்கு வழங்கிய பெயர் 'அரக்கி' என்பது. சிறிய கைகளையும் உடல்வாகையும் கண்ட மருத்துவர் சிலர், அவளுக்கு இருந்தது பிராடர்-வில்லி கோளாறாகலாம் என்று கருதுகின்றனர். அரசவை மறைந்தது, வேடிக்கை பார்க்கும் கண் இன்னும் பள்ளி வராந்தாவிலும் பேருந்திலும் இருக்கிறது.

இழிவுபடுத்தினால் எடை குறையும் என்று நம்புவோரும் உளர். சான்றுகள் இதற்கு மாறாகவே உள்ளன. இழிவுக்கு ஆளானவர் மருத்துவரை அணுகத் தயங்குகிறார். மனச்சோர்வும் முறையற்ற உணவுப் பழக்கமும் மிகுகின்றன. 2020ஆம் ஆண்டில் பன்னாட்டு வல்லுநர்கள் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, எடை முற்றிலும் மன உறுதியைப் பொறுத்தது என்னும் கருத்து அறிவியலுக்கு ஒவ்வாதது எனக் கண்டித்தது. 1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தியும் ஈண்டு நினைக்கத் தக்கது. லெப்டின் என்னும் ஹார்மோன் பிறவியிலேயே சுரக்காத இரு குழந்தைகள் தணியாப் பசியுடன் பருத்திருந்தனர். அவர்களுள் ஒருவருக்கு அந்த ஹார்மோன் ஊசி மூலம் தரப்பட்டபோது பசி தணிந்தது. ஓராண்டில் எடை 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. அக்குழந்தைக்கு இல்லாதிருந்தது ஒரு புரதமே, ஒழுக்கம் அன்று.

பிராடர்-வில்லி கோளாற்றுக்கு அத்தகைய நேரடி மருந்து இல்லை. வளர்ச்சி ஹார்மோன் 2000ஆம் ஆண்டு முதல் அமெரிக்க ஒப்புதலுடன் வழங்கப்படுகிறது. அது உயரத்தையும் தசையையும் வளர்க்கும், பசியைத் தணிக்காது. அடங்காப் பசிக்கென்றே டயசாக்சைடு கோலின் என்னும் மருந்துக்கு 2025 மார்ச்சில் அங்கு ஒப்புதல் கிடைத்தது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, இந்நோய்க்குரிய வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையைத் தன் இரண்டாம் பிரிவில் சேர்த்துள்ளது. அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற 2022இல் வழி செய்யப்பட்டது. ஆனால் நோயின் பெயர் தெரிந்த பிறகே இக்கதவு திறக்கும். மெத்திலேற்றச் சோதனை என்னும் ஒரே இரத்தச் சோதனை 99 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரிடம் இதனை உறுதி செய்துவிடும். சாதாரணக் குரோமோசோம் சோதனை தவறவிடக்கூடும். 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் குழுக்கள் துவண்ட குழந்தையைக் கண்டதும் இச்சோதனையை நினைவிற் கொண்டால், அடங்காப் பசி வருமுன்பே உணவு முறையை வகுத்துவிடலாம்.

பள்ளியிலும் அலுவலகத்திலும் தேவைப்படுவது பெரும் செலவன்று. மதிய உணவில் அளவு முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். இரண்டாம் முறை பரிமாறுவது, பிறந்தநாள் மிட்டாய், பரிசாகத் தின்பண்டம் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். எப்போது, என்ன கிடைக்கும் என்பது உறுதியானால் இக்குழந்தைகளின் பதற்றமும் சினமும் குறைகின்றன. உணவை எடுத்த குழந்தையைத் திருடன் என்று வகுப்பில் நிறுத்தும் ஆசிரியர் நோயின் அறிகுறிக்குத் தண்டனை அளிக்கிறார்.

கடினமான பகுதி 18 வயதுக்குப் பின்னர் வருகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் இந்நோயின் பெயர் இல்லை. அறிவுத்திறன் குறைபாடு என்ற தலைப்பின் கீழேயே பெரும்பாலும் சான்றிதழ் கோர வேண்டியுள்ளது. உரிய சலுகைகளுக்கு 40 விழுக்காடு எட்டப்பட வேண்டும். அச்சான்றிதழுக்கு அறிவுத்திறனும் சமூக முதிர்ச்சியும் அளக்கப்படுகின்றன, பசி அளக்கப்படுவதில்லை. ஓரளவு படித்து நன்கு பேசும் இளைஞர், சோதனை அறையில் குறைவற்றவராகவே தோன்றுவார். திறந்து கிடக்கும் உணவுக் கடையருகே அவரைத் தனியே விட இயலாது என்பது அவருடைய தாய்க்குத் தெரியும். அந்தத் தாய்க்குப் பின் அடுக்களைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதற்கு அவர் கையிலுள்ள விண்ணப்பப் படிவத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை.