அறுபடாத சைக்கிள் பாதை

புறநகர் ஒன்றில் சைக்கிளுக்குத் தனிப் பாதை போடுவது பெரிய காரியமல்ல. போட்ட பாதைகளை எங்கும் அறுபடாமல் ஒன்றோடொன்று சேர்ப்பதுதான் கடினம். நெதர்லாந்து இதைப் பணம் செலவழித்துத்தான் தெரிந்துகொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கும் கார்கள் பெருகின, சைக்கிள்கள் சாலையோரத்துக்கு ஒதுங்கின. 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். விபத்தில் மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் 1972இல் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற தலைப்பில் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு பெற்றோர் இயக்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே அரசு தடை விதித்தது. சைக்கிளுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நிலைமை இப்படித்தான் உருவானது.

அரசு முதலில் தேர்ந்த வழி, நல்ல பாதை எப்படியிருக்கும் என்று போட்டுக் காட்டுவது. டில்பர்க், தி ஹேக் ஆகிய இரு நகரங்களில் 1970களின் நடுவில் மத்திய அரசின் பணத்தில் நீண்ட சைக்கிள் பாதைகள் அமைந்தன. அகலத்திலும் தளத்திலும் குறை சொல்ல முடியாத பாதைகள். அவற்றில் கூட்டமும் சேர்ந்தது. ஆனால் கணக்கெடுத்துப் பார்த்தபோது, வந்தவர்களில் பலர் அதுவரை பக்கத்துத் தெருக்களில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். புதிதாகச் சைக்கிளில் ஏறியவர்கள் குறைவு. வீடும் வேலையும் ஒரே பாதையின் மேல் அமைவது சிலருக்குத்தான் வாய்க்கும். மற்றவர்கள் அந்தப் பாதைக்கு வந்து சேரவும், அதை விட்டுப் பிரிந்து போகவும் பழைய ஆபத்தான சாலைகளையே நம்ப வேண்டியிருந்தது.

டெல்ஃப்ட் நகரம் இந்த அனுபவத்தைப் பார்த்துவிட்டு வேறு கணக்குப் போட்டது. அதன் திட்டம் 1979இல் ஏற்கப்பட்டு 1980களில் நிறைவேறியது. ஒரு பாதைக்குப் பதிலாக ஊர் முழுவதற்கும் ஒரு வலை, அதிலும் மூன்று அடுக்காக. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும் முதன்மைப் பாதைகள் ஏறத்தாழ 500 மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகச் சென்றன. பள்ளிக்கும் கடைக்கும் போகும் பகுதிப் பாதைகள் ஏறத்தாழ 250 மீட்டருக்கு ஒன்று. குழந்தைகள் தனியாக ஓட்டும் குடியிருப்புப் பாதைகள் அதைவிட நெருக்கமாக, 100 மீட்டர் அளவில். வலைக்கண் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குச் சுற்றல் குறையும். டெல்ஃப்ட் செய்த வேலையைப் பட்டியலிட்டால் புதிய பாதைகளைவிடச் சிறு இணைப்புகளே கண்ணில் படும். கால்வாயின் மேல் ஒரு சிறு பாலம், ரயில் தண்டவாளத்தின் அடியில் ஒரு சுரங்கம், ஒருவழித் தெருவில் சைக்கிளுக்கு மட்டும் எதிர்த்திசை அனுமதி. வலையின் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்த அமைதியான தெருக்கள்தான். அவற்றுக்கு நடுவே இருந்த அறுபட்ட இடங்கள் தைக்கப்பட்டன.

பழைய நகரத்தில் தைத்துத்தான் ஆக வேண்டும். புதிதாக எழும் புறநகரில் துணியையே வேறு மாதிரி வெட்டலாம். அதற்கு நல்ல உதாரணம் உட்ரெக்ட் நகரத்தின் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹௌட்டன். 1960களில் அது சில ஆயிரம் பேர் வாழ்ந்த கிராமம். உட்ரெக்டில் இடம் போதாமல் வெளியேறும் குடும்பங்களுக்காக அதைப் பெரிதாக்க அரசு முடிவு செய்தது. கட்டடக் கலைஞர் ராப் டெர்க்ஸ் 1960களின் இறுதியில் வரைந்த திட்டம்தான் ஊரின் இன்றைய அமைப்புக்கு அடிப்படை. இப்போது அங்கே ஏறக்குறைய 50,000 பேர் வசிக்கிறார்கள்.

திட்டத்தின் கருத்து ஒன்றே. ஊரைச் சுற்றி ஒரு சுற்றுச்சாலை. உள்ளே பல குடியிருப்புப் பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் கார் வெளியேறச் சுற்றுச்சாலை ஒன்றே வழி. பக்கத்துப் பகுதியில் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் காரில் போக வேண்டுமானாலும் சுற்றுச்சாலைக்கு வந்து, வளைந்து போய், அடுத்த வாயிலில் நுழைய வேண்டும். சைக்கிளுக்கு இந்தச் சுவர் கிடையாது. பகுதிக்குப் பகுதி நேர்ப்பாதைகள் உண்டு, அவை ஊரின் நடுவே ஓடும் பசுமைப் பட்டையில் வந்து சேர்கின்றன. பள்ளிகளும் கடைகளும் பெரும்பாலும் அந்தப் பட்டையை ஒட்டியே அமைந்துள்ளன. 1982இல் திறக்கப்பட்ட ரயில் நிலையமும் ஊரின் நடுவில்தான் இருக்கிறது. காரை ஓட்டாதே என்று யாரும் அங்கே யாருக்கும் சொல்வதில்லை. உள்ளூர்ப் பயணத்துக்குச் சைக்கிள் சீக்கிரம் போய்விடுகிறது என்பதால் மக்கள் சைக்கிளை எடுக்கிறார்கள். பிரசாரத்தைவிட இது நம்பகமான ஏற்பாடு.

1990களுக்குப் பிறகு தெற்கே இரண்டாவது சுற்றுச்சாலையும் புதிய குடியிருப்புகளும் வந்தன. வரைபடத்தில் இன்றைய ஹௌட்டன் சிறகு விரித்த பட்டாம்பூச்சியைப் போல இருக்கும். நாட்டின் சைக்கிள் ஓட்டுநர் சங்கம் 2008இலும் 2018இலும் அதைச் சிறந்த சைக்கிள் ஊராகத் தேர்ந்தெடுத்தது. ஆனாலும் அது கார் இல்லாத ஊரல்ல. பெரும்பாலான வீடுகளில் கார் இருக்கிறது. வெளியூர் வேலைக்குக் காரில் போகிறவர்கள் ஏராளம். ஒரு புறநகரின் உள் வலை அந்த ஊருக்குள் நடக்கும் பயணங்களை மாற்றும். ஊரை விட்டு வெளியே போகும் பயணத்தை மாற்ற, வலை ரயில் நிலையத்தில் உருப்படியாக முடிய வேண்டும். ஹௌட்டனில் நடைமேடைகளுக்கு நேர் கீழே 3,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை நிறுத்தும் இடம் இருக்கிறது. சைக்கிளைப் பூட்டிவிட்டு மேலே ஏறினால் ரயில். புறநகரில் இருந்து நகரத்துக்குப் போகும் நீண்ட பயணத்தில் சைக்கிளின் பங்கு பெரும்பாலும் இந்த முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். அந்தப் பங்கு சரியாக அமையாவிட்டால் மீதித் தூரத்துக்கும் கார்தான் ஓடும்.

உலகின் பெரும்பாலான புறநகர்கள் ஹௌட்டனைப் போல வெற்று நிலத்தில் வரையப்பட்டவை அல்ல. அமெரிக்கப் புறநகர் அதற்கு நேர் எதிரானது. முட்டுச்சந்துகளாக முடியும் அமைதியான தெருக்கள், அவற்றைச் சூழ்ந்து ஆறு தடம், எட்டுத் தடம் கொண்ட அகலச் சாலைகள். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தைப் பற்றி மாஸா மெக்கூரியா, பீட்டர் ஃபுர்த், ஹிலரி நிக்சன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. அவர்கள் ஒவ்வொரு தெருவையும் ஓட்டுபவருக்குத் தரும் பதற்றத்தின்படி நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலை குழந்தைகளுக்கு ஏற்றது. இரண்டாம் நிலையைப் பெரும்பாலான பெரியவர்கள் தாங்குவார்கள். மூன்றும் நான்கும் துணிந்தவர்களுக்கு மட்டும்.

நகரின் தெருக்களில் பெரும்பங்கு அமைதியானவைதான். ஆனால் அவை தீவுகளாகக் கிடந்தன. ஆறு மைலுக்கு உட்பட்ட வேலைப் பயணங்களில், வீட்டிலிருந்து அலுவலகம் வரை முழுவதும் முதலிரு நிலைத் தெருக்களிலேயே போய்ச் சேரக் கூடியவை 4.7 சதவீதம் மட்டுமே. ஒரு பயணத்தின் தரத்தை அதன் சராசரி தீர்மானிப்பதில்லை, அதன் மோசமான இடம் தீர்மானிக்கிறது என்பது இந்த ஆய்வின் விதி. மூன்று கிலோமீட்டர் மரநிழலில் ஓட்டிவிட்டுச் சிக்னல் இல்லாத அகலச் சாலை ஒன்றைக் கடக்க நேர்ந்தால், பத்து வயதுக் குழந்தையைப் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள். பயணமே இல்லாமல் போகிறது. ஆய்வாளர்கள் ஏறத்தாழ 32 மைல் நீளத்துக்குச் சிறு சிறு திருத்தங்களைக் காகிதத்தில் செய்து பார்த்தார்கள். 4.7 சதவீதம் 12.7 ஆக உயர்ந்தது. நகரின் மொத்தச் சாலை நீளத்தோடு ஒப்பிட்டால் 32 மைல் மிகச் சொற்பம்.

யாருக்காக வலை போடப்படுகிறது என்ற கேள்வியும் இங்கே வருகிறது. போர்ட்லாந்து நகராட்சியின் சைக்கிள் அலுவலர் ரோஜர் கெல்லர் 2006இல் மக்களை நான்காகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் அஞ்சாமல் ஓட்டுபவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. சைக்கிள் தடம் இருந்தால் நம்பிக்கையோடு ஓட்டுபவர்கள் 7 சதவீதம். ஆர்வம் இருந்தும் அஞ்சுபவர்கள் 60 சதவீதம். எதற்கும் ஏறவே மாட்டேன் என்பவர்கள் 33. அனுபவத்தை வைத்துச் சொன்ன மதிப்பீடுதான் அது. பின்னர் ஆய்வாளர் ஜெனிஃபர் டில் நடத்திய கணக்கெடுப்பும் அதே வரிசையைக் காட்டியது. சாலையில் இன்று ஓட்டிக்கொண்டிருப்பவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டுத் திட்டமிடும் நகராட்சி அந்த ஏழு சதவீதத்துக்காகவே பாதை போடுகிறது. அஞ்சும் அறுபது பேர் கூட்டத்துக்கு வருவதில்லை, சாலையிலும் தென்படுவதில்லை.

அஞ்சுபவர்களுக்கு ஏற்ற வலைக்கு எல்லாத் தெருவிலும் தனிப் பாதை தேவையில்லை. வேகமும் வண்டிகளின் எண்ணிக்கையும்தான் அளவுகோல். வண்டிகள் குறைவாகவும், மணிக்கு 30 கிலோமீட்டருக்குள்ளும் ஓடும் தெருவில் சைக்கிளும் காரும் கலந்து போகலாம். அந்த வேகத்தைப் பலகை மட்டும் கொண்டு வராது. தெரு குறுகலாக, திருப்பத்தில் மேடாக, நேராக ஊடுருவிப் போக முடியாதபடி அமைந்திருக்க வேண்டும். தெருவின் ஒரு முனையில் இரண்டு கட்டைகளை நட்டு, காரை மறித்துச் சைக்கிளை விடுவது மிக மலிவான வழி. அந்தத் தெருவாசிகள் முதலில் எதிர்ப்பதும், பிறகு கட்டைகளை எடுக்க வந்தால் எதிர்ப்பதும் பல ஊர்களில் நடந்திருக்கிறது. முட்டுச்சந்தின் கோடியில் உள்ள மதிலில் சைக்கிள் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு விட்டால், ஒரு கிலோமீட்டர் சுற்று ஐம்பது மீட்டராகக் குறையக்கூடும்.

வேகம் அதற்கு மேல் போகும் சாலைகளில் பிரிப்பது கட்டாயம். வெள்ளைக்கோடு மட்டும் பிரிப்பாகாது. கோட்டின் மேல் கார் நிற்கும், சரக்கு வண்டி இறக்கும், சைக்கிள் நடுச்சாலைக்கு வரும். கல் விளிம்போ செடிப்பட்டையோ நடுவில் வேண்டும். ஒருவழிப் பாதையானால் ஒருவரை ஒருவர் முந்தவும், தாயும் பிள்ளையும் இணையாக ஓட்டவும் இரண்டு மீட்டர் அகலம் வேண்டும். இருவழிப் பாதைக்கு மூன்று மீட்டருக்குக் குறைந்தால் நெருக்கடிதான்.

ஊருக்குள் சைக்கிளும் காரும் மோதும் விபத்துகளில் பெரும்பாலானவை சந்திப்புகளில் நேர்கின்றன, பாதையின் நடுவில் அல்ல. ஆனால் பல ஊர்களில் சைக்கிள் பாதை சந்திப்புக்கு ஐம்பது மீட்டர் முன்பே காணாமல் போய்விடும். உதவி மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் வரைபவரின் கை நின்றுவிடுகிறது. நெதர்லாந்தில் பக்கத்தெரு பிரியும் இடத்தில் சைக்கிள் பாதை அதே மட்டத்தில், அதே நிறத்தில் தொடர்ந்து போகும். கார்தான் மேடேறி இறங்க வேண்டும். திரும்பும் கார் நின்று பார்க்கும்படி பாதை சாலையிலிருந்து ஏறக்குறைய ஒரு கார் நீளம் உள்ளே தள்ளியிருக்கும். பெரிய சந்திப்புகளில் மூலைகளில் சிறு திட்டுகள் கட்டி, காரின் திருப்பத்தை இறுக்கி வேகத்தைக் குறைப்பார்கள்.

சுற்றுச்சாலை போன்ற வேகச் சாலைகளைக் கடக்கச் சுரங்கப்பாதையே சிறந்தது, அதிலும் ஒரு நுட்பம் உண்டு. சைக்கிளை முழு ஆழத்துக்கு இறக்காமல் சாலையைச் சற்று உயர்த்தினால் ஏற்ற இறக்கம் பாதியாகிவிடும். சைக்கிளின் மேல் அமர்ந்தவரின் தலைக்குத் தேவையான உயரம் லாரிக்குத் தேவையானதைவிட மிகக் குறைவு. ஆகவே சைக்கிள் கீழே போவதுதான் கணக்குக்கும் சரி. சுரங்கத்துக்குள் நுழையும் முன்பே மறுமுனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். வளைந்து இருளில் மறையும் சுரங்கத்தில் மாலை ஆறு மணிக்குப் பிறகு பெண்கள் போக மாட்டார்கள். அப்படிப்பட்ட சுரங்கம் பகலில் மட்டும் இருக்கும் பாதை.

வேலையை எங்கே தொடங்குவது என்பதில் நகராட்சிகள் அடிக்கடி தவறுகின்றன. எதிர்ப்பு இல்லாத இடத்தில், அதாவது ஏரிக்கரையிலோ அகலமான புறவழியிலோ முதல் பாதை போடப்படும். யாரும் அதில் வேலைக்குப் போக மாட்டார்கள். பயன்படவில்லை என்று சொல்லி அடுத்த கட்டம் நிறுத்தப்படும். ஸ்பெயினின் செவில் நகரம் இந்தப் பொறியைத் தவிர்த்தது. 2006ஆம் ஆண்டு தொடங்கிய வேலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒன்றோடொன்று இணைந்த, பிரிக்கப்பட்ட பாதைகளைச் சில ஆண்டுகளுக்குள் ஒரே மூச்சில் போட்டு முடித்தது. அதற்காகக் கார் நிறுத்தும் இடங்கள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டன. சைக்கிள் அரிதாக இருந்த அந்த நகரத்தில் பயணங்கள் பல மடங்கு பெருகின.

ஒரே மூச்சில் முடிக்கப் பணமில்லாத சிறு புறநகர், ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். மாணவர்களின் வீடுகளை வரைபடத்தில் புள்ளியிட்டு, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பள்ளி வரை பதற்றமில்லாத வழி இருக்கிறதா என்று பார்த்தால், எந்த நான்கைந்து கடவைகள் நூற்றுக்கணக்கான வழிகளை அறுக்கின்றன என்பது தெரிந்துவிடும். அந்தக் கடவைகளே முதல் ஆண்டின் வேலை. மற்ற சாலைகளுக்கு அவை மறுதளம் போடப்படும் ஆண்டு வரும் வரை காத்திருக்கலாம். தோண்டும் செலவு எப்படியும் அப்போது ஆகப்போகிறது. பாதை போட்ட பிறகு அதைப் பெருக்குவதற்கும், விளக்கு மாற்றுவதற்கும், வேர் தூக்கிய தளத்தைச் சமன் செய்வதற்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை வரவுசெலவுத் திட்டத்தில் தனியாக இருக்க வேண்டும். கண்ணாடித் துண்டுகள் கிடக்கும் பாதையை விட்டு சைக்கிள் மறுபடி சாலைக்கே போய்விடும்.