புகையும் பருமனும்: மாநாட்டுத் தலைமை உரை



அமர்வுப் பட்டியல் நீளமானது என்பதால் நேரே பொருளுக்கு வருகிறேன்.

நம் மருத்துவமனைகளில் புகையிலை நிறுத்த ஆலோசனை ஒரு மூலையில் நடக்கிறது. பருமனுக்கும் சர்க்கரைக்குமான சிகிச்சை வேறொரு மாடியில் நடக்கிறது. முதல் இடத்தில் யாரும் பெரும்பாலும் இடுப்பை அளப்பதில்லை. இரண்டாம் இடத்தில் “பீடி, சிகரெட் உண்டா?” என்ற கேள்வி கேஸ் ஷீட்டில் ஒரு டிக் விழுந்ததும் தீர்ந்துபோகிறது. இரண்டு வாசலிலும் நிற்பவர் ஒரே ஆள்தான். “சிகரெட்டை விட்டா உடம்பு போட்டுடும்னு சொல்றாங்களே டாக்டர்” என்று அவர் கேட்கிறார். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று நாம் சமாளித்து அனுப்புகிறோம். அந்தச் சமாளிப்பை நிறுத்துவதுதான் இந்த மாநாட்டின் வேலை என்று கருதுகிறேன்.

சிகரெட் உடலை ஒல்லியாக வைக்கும் என்ற நம்பிக்கை தானாகப் பரவியதல்ல. அதைக் காசு கொடுத்து வளர்த்தார்கள். 1920களின் இறுதியில் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம், இனிப்பில் கை வைப்பதற்குப் பதில் லக்கி ஸ்டிரைக்கை எடுங்கள் என்று பெண்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தது. மிட்டாய் உற்பத்தியாளர்கள் கொதித்தார்கள். சிகரெட் விற்பனையோ ஏறியது. 1968இல் பிலிப் மாரிஸ் நிறுவனம் வர்ஜீனியா ஸ்லிம்ஸைப் பெண்களுக்கென்றே சந்தைக்குக் கொண்டுவந்து அதே ஆசைக்குத் தீனி போட்டது.

விளம்பரக்காரர் சொன்னதில் உண்மையே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் சிக்கல். 1986இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், புகைபிடிக்கும் எட்டுப் பேரை மூச்சுக் காற்றை அளக்கும் மூடிய அறையில் முழு நாள் தங்கவைத்தார்கள். ஒரு முறை 24 சிகரெட். இன்னொரு முறை ஒன்றுகூடக் கிடையாது. புகைத்த நாளில் உடல் செலவழித்த ஆற்றல் ஏறத்தாழ 10 சதவீதம் கூடியிருந்தது. கலோரியில் சொன்னால் சுமார் 200. ஒரு பாக்கெட்டுக்கும் மேலான சிகரெட்டை ஊதித் தள்ளிக் கிடைத்த ஆதாயம் இரண்டு உளுந்து வடையில் போய்விடும்.

பசி மங்குவது அடுத்த வழி. 2011இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இதன் தடத்தைக் காட்டினார்கள். மூளையின் ஹைப்போதலாமஸில், போதும் என்ற உணர்வைத் தரும் நரம்பணுக்களை நிக்கோட்டின் தூண்டிவிடுகிறது. சுண்டெலிகளின் தீனி குறைகிறது. ஆகவே, புகைப்பவர்களின் சராசரி எடை புகைக்காதவர்களைவிடக் குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் எடை குறைவது வேறு, கொழுப்பு உடலில் எங்கே சேர்கிறது என்பது வேறு. புகைப்பவர்களுக்குள்ளேயே அளவுக்கு மிஞ்சி ஊதுபவர்கள், குறைவாகப் புகைப்பவர்களைவிடப் பருமனாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உடற்பயிற்சியின்மை, மது, காய்கறி குறைந்த சாப்பாடு ஆகியவையும் அவர்களிடம் சேர்ந்தே வருகின்றன. ஒரே எடையுள்ள இருவரை ஒப்பிட்டால், புகைப்பவரின் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு கூடுதலாக இருக்கும் போக்கும் தெரிகிறது. நிக்கோட்டின் இன்சுலினின் வேலையையும் தடுக்கிறது. புகைப்பவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2014 அறிக்கை சொன்னது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய ஆளை நம் ஊரில் தேடி அலைய வேண்டியதில்லை. அவருடைய உடல் நிறைக் குறியீட்டெண் 22 என்று எழுதிவிட்டு நிம்மதி அடைகிறோம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற தெற்காசிய இடுப்பு வரம்பை அவர் எப்போதோ தாண்டியிருப்பார்.

இந்தியாவின் கதைக்கு இன்னொரு முகம் உண்டு. 2016–17ஆம் ஆண்டுத் தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் பீடி புகைப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் 4 சதவீதம். மெல்லும் புகையிலை உள்ளிட்ட புகையில்லாப் புகையிலையோ 21.4 சதவீதம். பீடி குடிக்கும் கூலித் தொழிலாளி மெலிந்திருந்தால், அதில் நிக்கோட்டினின் பங்கு எவ்வளவு, வறுமையின் பங்கு எவ்வளவு, காசநோயின் பங்கு எவ்வளவு? தமிழ்நாட்டில் இறந்த 43,000 ஆண்களை வைத்து நடந்து 2003இல் லான்செட்டில் வெளிவந்த ஆய்வு, புகைப்பழக்கத்துக்கும் காசநோய் மரணத்துக்கும் உள்ள வலுவான தொடர்பை உலகுக்குக் காட்டியது. அந்த மெலிவை எடைக் கட்டுப்பாடு என்று அழைப்பது கொடுமை. மேல்நாட்டு முடிவை அப்படியே இங்கே ஒட்டவைக்கவும் முடியாது.

இதிலிருந்து இளம் ஆய்வாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒல்லியானவர்கள் அதிகம் இறக்கிறார்கள், எனவே கொஞ்சம் சதை நல்லது என்று தரவு சொல்வதுபோல் தோன்றும். அந்த ஒல்லிகளில் புகைத்துப் புகைத்து நுரையீரல் கெட்டவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பாருங்கள். 2016இல் நான்கு கண்டங்களின் தரவைத் திரட்டிய பெரிய ஆய்வு, வாழ்நாளில் புகைக்காதவர்களைத் தனியே எடுத்துப் பார்த்த காரணம் இதுதான்.

இனி, புகையை விட்டவரிடம் வருவோம். 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு, மருந்தின் துணையில்லாமல் நிறுத்தியவர்கள் ஓராண்டில் சராசரியாக 4.7 கிலோ கூடியதைக் கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் வருவது. சராசரியோடு நின்றுவிடக் கூடாது: ஏறத்தாழ ஆறில் ஒருவர் எடை குறைந்தார், நூற்றுக்கு 13 பேர் 10 கிலோவுக்கு மேல் ஏறினார்கள். ஏறும் விதத்தைப் பார்க்க டீக்கடைக்குப் போனால் போதும். டீயோடு சிகரெட் பிடித்த கை இப்போது பஜ்ஜித் தட்டுக்குப் போகிறது. நாக்கில் ருசி திரும்பியிருக்கிறது, பசியும் திரும்பியிருக்கிறது, கைக்கும் வாய்க்கும் வேலை வேண்டியிருக்கிறது.

இந்த எடையால் ஆபத்து உண்டா? உண்டு, ஆனால் அளவு தெரிந்து பேச வேண்டும். அமெரிக்க மருத்துவப் பணியாளர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வில், விட்டபின் எடை கூடியவர்களுக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு சில ஆண்டுகள் ஏறி, ஐந்து முதல் ஏழாம் ஆண்டில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கியது. ஆயினும், எடை எவ்வளவு கூடியிருந்தாலும், தொடர்ந்து புகைத்தவர்களைவிட விட்டவர்களின் மரண வாய்ப்பு குறைவாகவே இருந்தது. பிரிட்டிஷ் மருத்துவர்களை அரை நூற்றாண்டு கண்காணித்த ஆய்வோ, தொடர்ந்து புகைத்தவர்கள் சுமார் பத்தாண்டு ஆயுளை இழந்ததையும், 40 வயதில் விட்டவர்கள் அதில் ஒன்பது ஆண்டை மீட்டதையும் காட்டியது. நாலைந்து கிலோவுக்குப் பயந்து ஒன்பது ஆண்டைக் கைவிடுவது நல்ல வியாபாரம் அல்ல.

எனவே என் நிலைப்பாடு இது: எடை கூடும் என்பதை மறைக்காமல், விடும் நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், பேன்ட் இறுகும் மாதத்தில் அவர் நம்மை நம்ப மாட்டார், பெட்டிக்கடைக்குத் திரும்பிவிடுவார். சொல்லும்போதே வழியும் கையில் இருக்க வேண்டும். நிக்கோட்டின் சூயிங்கம்மும் பூப்ரோபியானும் எடை ஏறுவதைத் தள்ளிப்போடுகின்றன. பட்டினிக்கு நிகரான டயட்டை அதே வாரத்தில் திணிக்க வேண்டாம். டீக்கடையில் சர்க்கரையைக் குறைப்பதும் மாலையில் நடப்பதும் தொடக்கத்துக்குப் போதும்.

இந்த மாநாட்டிடம் மூன்று கேட்கிறேன். புகையிலையை விட வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலும், மூன்றாம் மாதத்திலும், ஓராண்டு முடிவிலும் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்தச் சர்க்கரை மூன்றையும் பதியும் பொதுப் படிவம் ஒன்றை நாளை மாலைக்குள் வகுத்துக் கொடுங்கள். பீடியையும் மெல்லும் புகையிலையையும் விட்டவர்களைச் சிகரெட்டோடு கலக்காமல் தனியே ஆராயுங்கள். சர்க்கரை நோய்ப் பிரிவும் புகையிலை ஆலோசனைப் பிரிவும் நோயாளியை ஒன்றிடமிருந்து மற்றொன்று பெற்றுத் தொடரும் முறையை எழுத்தில் வையுங்கள்.

இவை நடந்தால், “உடம்பு போட்டுடுமா டாக்டர்?” என்று கேட்பவருக்கு, நம் மண்ணின் எண்களோடு நேர்மையான பதில் சொல்லலாம். அந்த எதிர்பார்ப்போடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.