பல் பிடுங்கிய அன்று வெற்றிலைப் பை மூடியிருக்கட்டும்

(அச்சுவேலியில் நடந்த தொழிலாளர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே, தாய்மாரே,

மலையகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். நான் இப்போது இந்த ஊரில் இருந்தாலும் பிறந்தது லயத்தில்தான். இங்கே புகையிலை விளைகிறது. யாழ்ப்பாணப் புகையிலை நமது வெற்றிலைப் பைக்கும் வந்து சேருகிறது. ஆகவே வாயைப் பற்றிப் பேச இது பொருத்தமான இடம்.

என் அம்மா கொழுந்து பறித்தவர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்று பின்னேரமே வெற்றிலை போட்டார். பேர் போய்விடும் என்று மறுநாள் பெரட்டுக்கும் போனார். மூன்றாம் நாள் காது வரைக்கும் வலி, வாயில் கெட்ட வாடை. திரும்பவும் வைத்தியசாலைக்குப் போனதில் இரண்டு நாள் பேர் போனது.

காரணம் இதுதான். பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து கட்டியாகும். உள்ளே இருக்கும் எலும்பை அதுதான் மூடிக் காக்கிறது. உறிஞ்சினாலும், பலமாகத் துப்பினாலும் அது கழன்றுவிடும். வெற்றிலை போட்டால் மென்று துப்பாமல் இருக்க முடியாது. பீடி, சிகரெட்டும் புண்ணை ஆறவிடாது.

ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியவை:

பஞ்சை அரை மணி நேரமாவது இறுக்கிக் கடித்திருங்கள். அன்று முழுவதும் கொப்பளிக்க வேண்டாம். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். சுடச்சுடத் தேநீர் வேண்டாம்; ஆறவைத்துக் குடியுங்கள். ஆறிய கஞ்சி, குழைந்த சோறு நல்லது. சாராயம் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. மருந்து போட்ட இடம் இரண்டு மூன்று மணி நேரம் விறைத்திருக்கும். பிள்ளைகள் உதட்டைக் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்குப் பெரியவர்கள் பனடோல் இரண்டு, ஆறு மணிக்கு ஒரு தடவை போடலாம். ஒரு நாளில் எட்டுக்கு மேல் வேண்டாம். அஸ்பிரினைக் குழியில் வைக்காதீர்கள், சதை வெந்துவிடும்.

மறுநாளிலிருந்து ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகு மெதுவாகக் கொப்பளியுங்கள். மற்றப் பற்களை வழக்கம் போல் துலக்குங்கள்.

இரத்தம் திரும்ப வந்தால் சுத்தமான துணியை நனைத்து மடித்து, அரை மணி நேரம் கடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால், வீக்கமோ காய்ச்சலோ கூடினால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். மூன்றாம் நாள் வலி குறையாமல் கூடினாலும் போய்க் காட்டுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003இல் அறிவித்தது. மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, சிவந்த தழும்பு இருந்தால் வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள். பல் பிடுங்கிய நாளில் மூடிய பையை அப்படியே மூடி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

தோட்டத் தலைவர்மாரே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பல் பிடுங்கியவர் வைத்தியரிடம் துண்டு வாங்கி வரட்டும். அந்தத் துண்டோடு வருபவரை அன்று மலைக்கு அனுப்பாதபடி துரையிடம் நீங்கள் பேசுங்கள். என் அம்மாவுக்காகப் பேச அன்று யாரும் இருக்கவில்லை.