பழைய மருந்துக்குப் புதிய விலை
(பெங்களூரு பிரேசர் டவுனில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



இருவகை மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் உட்கொண்டும் தணியாத மனச்சோர்வைச் சிகிச்சைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு என்கிறது மருத்துவம். இதற்கென ஜான்சன் அண்ட் ஜான்சனின் எஸ்கெட்டமைன் மூக்குத் தெளிப்பு 2019 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு வேளைக்கு 590 முதல் 885 டாலர் என விலை குறிக்கப்பட்டது.

இது புதுமருந்தா? 1962இல் உருவான மயக்கமருந்தான கெட்டமைன், இடக்கை வலக்கை போன்ற இரு வடிவங்களின் கலவை. அவற்றுள் ஒன்றே எஸ்கெட்டமைன். காப்புரிமை காலாவதியான கெட்டமைனோ மலிவானது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், தேவைக்கேற்ப அளவு கூட்டி அந்த ஊசி பெற்ற பிரிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோய் தணிந்தது. ஆயினும் அது போதைப்பழக்கமாகும் ஆபத்துடையது. மருத்துவமனைக் கண்காணிப்பில் மட்டுமே தரத்தக்கது. மலிவான லித்தியத்தைச் சேர்த்துத் தருவதும், மயக்கமருந்துடன் செய்யப்படும் மின்னதிர்வுச் சிகிச்சையும் இன்றும் பலருக்குப் பயனளிக்கின்றன. எதைத் தொடங்குவது, நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பலன் கூடியதாக நிரூபிக்கப்படாத இத்தகைய மறுவடிவங்களுக்கு நமது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு இடமளிப்பதில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது இப்பிரிவின் வலிமையால்தான். வர்த்தக ஒப்பந்தங்களின் பெயரால் அதை நீர்த்துப்போகச் செய்ய அனுமதிக்கக்கூடாது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அத்தியாவசியப் பட்டியலிலுள்ள மருந்துகளைச் சமுதாய சுகாதார நிலையம் முதல் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எந்நேரமும் இலவசமாக வழங்கக் கட்டளையிடுகிறது. பிரேசர் டவுன் தொழிலாளி ஒவ்வொரு மாத்திரைக்கும் கூலியை இழந்து நிமான்ஸ் வரை அலையக்கூடாது. ஏட்டிலுள்ள இவ்வுரிமையை மருந்து வழங்கும் சாளரத்திற்குக் கொண்டுவருவதே நமது கடமை.