கணக்கேடும் நிலைக்கண்ணாடியும்



வரவறியாத செலவைப் பற்றிய எச்சரிக்கையை வள்ளுவர் இல்லறவியலில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசனுக்குரிய 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்தார். தன் வலிமையின் எல்லையை அறியாதவன் பகைவனிடம் தோற்பதுபோலவே தன் பையிடமும் தோற்கிறான் என்பது அவ்வைப்பு முறையால் பெறப்படும் குறிப்பு. பிறர்க்குதவும் ஒப்புரவைக்கூட அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் அளவுக்குள் நிறுத்துகிறது. அங்ஙனமாயின் வீண் செலவைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? ஆனால் வீண் செலவு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவதில்லை. நாகரிகம், மரியாதை, கல்வி என்னும் பெயர்களில் அன்றோ வருகிறது!

இதனைத் தம் வாழ்விலேயே கண்டு, ஒளிக்காமல் எழுதிவைத்தவர் காந்தியடிகள். 1925 முதல் 'நவஜீவன்' இதழில் தொடராக வெளிவந்த அவரது தன்வரலாற்றை, 'சத்திய சோதனை' என்னும் பெயரில் தமிழர் அறிவர். அதன் முதற்பாகத்து இயல்கள் சில இப்பொருளுக்கே உரியன.

1888 செப்டம்பரில் பம்பாயில் கப்பலேறியவர், மனைவியின் நகைகளை விற்கலாமா என்று எண்ணிப் பார்த்தவர். இறுதியில், அண்ணன் அடைப்பார் என்னும் உறுதியின்மேல் கடன் வாங்கியே புறப்பட்டார். அத்தகையவர் லண்டனில் என்ன செய்தார்? அவர் புலால் உண்ணாதது நண்பர் ஒருவருக்கு மனக்குறை. அதற்கு ஈடாக நாகரிகத்திலேனும் குறைவற்றவராக விளங்க விரும்பினார். பாண்டு தெருவில் பத்துப் பவுனுக்கு மாலை நேர உடை. பத்தொன்பது ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி. அண்ணனுக்கு எழுதி வரவழைத்த இரட்டை வடப் பொற்சங்கிலி. கழுத்துப்பட்டியைத் திருத்தவும் தலைவகிடு எடுக்கவும் நாள்தோறும் பத்து நிமிடம் பெரிய நிலைக்கண்ணாடி முன் கழிந்தது.

நடனம் கற்க மூன்று பவுன் கட்டினார். பியானோவின் தாளம் பிடிபடவில்லை. செவியைப் பழக்குவதற்காக மூன்று பவுனில் வயலின் வாங்கினார். அதைக் கற்பிக்க ஓர் ஆசிரியை. பின்னர்ச் சொற்பொழிவுக் கலை கற்க ஒரு கினி. எலிக்காகப் பூனை, பூனைக்காகப் பசு, பசுவுக்காக ஆள் என்று வளர்ந்த துறவியின் கதையை அடிகளே இவ்விடத்தில் தம்மைச் சுட்டிச் சொல்லிச் சிரிக்கிறார். ஒரு செலவு மற்றொன்றை ஈனும் இயல்பை இதைவிட எளிமையாக விளக்க இயலாது.

ஏறத்தாழ மூன்று மாதத்தில் மயக்கம் தெளிந்தது. கிடைத்த விலைக்கு வயலினை விற்றுவிடுமாறு ஆசிரியையிடமே சொன்னார். உடையில் கொண்ட கருத்து மட்டும் பல ஆண்டுகள் நீடித்தது என்றும் ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதலே நூலின் மீது நம்பிக்கை பிறப்பிக்கிறது.

ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மயக்கம் நிலவிய மாதங்களிலும் அவர் கணக்கெழுதத் தவறவில்லை. வண்டிக் கட்டணம், அஞ்சல் தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த செப்புக்காசு வரை குறித்து, உறங்குமுன் இருப்பைச் சரிபார்த்தார். ஆயினும் பத்துப் பவுன் உடையை அக்கணக்கேடு தடுத்துவிடவில்லை. எழுதுவது வேறு, எழுதியதைப் படிப்பது வேறு. கவிஞர்கள் அறியாததன்று இது. ஏட்டைத் திரும்பப் படித்தபோதுதான் போக்குவரத்துச் செலவின் பெருக்கம் கண்ணிற்பட்டது. குடும்பமொன்றில் தங்கியிருந்ததால், அவ்வீட்டாரை அவ்வப்போது வெளியே விருந்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உடன் வருபவர் பெண்மணியாயின் எல்லாச் செலவும் ஆடவனுடையது. வெளியில் உண்ட வேளைக்கும் வீட்டுக்குக் கொடுக்கும் வாரத்தொகையில் கழிவில்லை. இவற்றுள் எதையும் அவர் இன்பத்துக்காகச் செய்யவில்லை; பொய்யான மரியாதை உணர்வுக்காகவே செய்தார்.

செலவைப் பாதியாக்குவதென முடிவு செய்தார். வேலையுள்ள இடத்துக்கு அரைமணியில் நடந்தே செல்லத்தக்க தொலைவில் தனியறைகள் எடுத்தார். வண்டிச் செலவு ஒழிந்தது. நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடை உடலையும் காத்தது. பின்னர், வாரம் இரண்டு ஷில்லிங் வாடகை அறையில், ரொட்டியும் கோகோவும் உண்டு படித்த ஏழை மாணவர் ஒருவரைப் பற்றி அறிந்தார். அண்ணனின் உழைப்பு நினைவுக்கு வந்தது. இரண்டு அறைகளை ஒன்றாக்கினார். அடுப்பு ஒன்று வாங்கினார். நாள் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் போதுமானதாயிற்று.

அதனால் வாழ்க்கை வறண்டுவிடவில்லை, குடும்ப நிலைக்குப் பொருந்தியதாயிற்று என்கிறார். காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சவும் கோகோவுக்கு வெந்நீர் வைக்கவும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை என்று, அதையும் கணக்காகவே குறித்திருக்கிறார்.